தூரமா இருக்கிறவுங்க தனியா வாங்க

தனக்கு முன்னால் பதினொரு பேர் என்று எண்ணி முடித்ததும், இன்னும் ரெண்டு பேர் கூட இருந்திருக்கலாமே என்று போதும்பொண்ணுக்குத் தோன்றியது. எந்த வரிசையிலும் முட்டி மோதி முன்னால் போய் நிற்கிறவள் அவள். ரேஷன் கடையானாலும் சரி, தண்ணீர் லாரியானாலும் சரி, அவளுக்கு முன்னால் குடம் வைத்தவள் கூவனேந்தலில் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் இன்றைக்கு இந்தப் பள்ளிக்கூட வராந்தாவில், வருகிறவளுக்கெல்லாம் ‘நீ போத்தா, கைப்பிள்ளை அழுகுது’, ‘நீ போ மதினி, ஒனக்கு முட்டிவலி’ என்று இடம் விட்டுக்கொண்டே இருந்தாள். தாராள மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்; பயம். மூன்றாம் வகுப்பு அறை வாசலில் பச்சைத் துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக அதற்குள் போய், பத்து நிமிஷம் கழித்துச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். உள்ளே மேசையில் படுக்க வைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, காடி மாதிரி புளித்த தண்ணியைப் பஞ்சில் தொட்டு வைக்கிறார்களாம். வைத்த இடம் வெள்ளையாக மாறினால் கோளாறு. மாறாவிட்டால் வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். கர்ப்பப்பை வாயில் புற்று வந்திருக்கிறதா, வரப்போகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். முப்பது வயசு முடிந்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்ததால் மகள் நாகஜோதியும் வந்திருந்தாள். வரிசையில் நாலாவது ஆளாக உட்கார்ந்து, சுவரில் எழுதியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும்பொண்ணு தொடைகளை இறுக்கிக்கொண்டாள். மூன்று மடிப்பாகத் துணி வைத்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு தடவை குளித்து, மஞ்சளை அள்ளித் தேய்த்துக்கொண்டும் வந்திருந்தாள். ஆனாலும் அந்த வாடை தன் மூக்குக்கு மட்டும்தான் தெரிகிறதா, பக்கத்தில் இருக்கிற செல்லத்தாய் மதினிக்கும் தெரிகிறதா என்று நிச்சயமில்லை. மதினி கொட்டாவி விட்டாள். வாடை அடித்தால் யாராவது கொட்டாவி விடுவார்களா, விடமாட்டார்கள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம், கொட்டாவி விட்டவள் வாயை எதற்காக அத்தனை நேரம் முந்தானையால் மூடிக்கொண்டாள் என்று மறுபடியும் குடைய ஆரம்பித்தது.

ஒரே ஒரு கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். நர்ஸம்மா செல்வராணி நாலைந்து பேரைப் பார்த்து முடித்ததும் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ‘தூரமா இருக்கிறவுங்க தனியா வாங்க’ என்பாள். போன இரண்டு முகாமிலும் அப்படித்தான் கேட்டாள். எழுந்து போய்த் தலையைக் குனிந்துகொண்டு ‘நான் தூரம்’ என்று சொன்னால் போதும். ‘இன்னைக்கு எடுக்கக் கூடாதும்மா, நின்னதும் வாங்க’ என்று பேரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவாள். முதல் தடவை, போன வருஷம் பங்குனியில், அது பொய்கூட இல்லை. அதை நினைத்தால்தான் போதும்பொண்ணுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். நாற்பத்தேழு வயசில் மாசத் தூரம் சுத்தமாக நின்றுபோனது அவளுக்கு. அப்பாடா, ஒரு சனியன் விட்டது என்று துணிகளையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்தாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒன்றுமில்லை. போன வருஷம் மாசி மாசம், மூட்டத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது தொடையில் ஈரம். இந்த ஊரே கரிமூட்டத்தில் பிழைக்கிற ஊர். சீமைக்கருவேலத்தை வெட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, ஒரு ஓட்டை வழியாகத் தீ வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் புகையைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். தூரமானவள் மூட்டத்துக்குக் கிட்டே வரக் கூடாது. வந்தால் மூட்டம் உள்வாங்கிக் கரியெல்லாம் சாம்பலாகும் என்பது இங்கே ஐதீகம். ஆகவே ஒளிக்க முடியாது. கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். என்னத்தா என்று கேட்டார்கள். சொன்னாள். அன்றைக்கு மூட்டமே சிரித்தது. ‘கெழவி மறுபடியும் சமைஞ்சுட்டாடி’ என்று செல்லத்தாய் மதினி குலவை போட்டாள். ‘பச்சை ஓலை கட்டிருவோமா அத்தாச்சி, மாமன் சீர் கொண்டாரச் சொல்லுவோமா?’ என்று இன்னொருத்தி கேட்டாள். போதும்பொண்ணுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கத்துக்கு அடியில் ஒரு பெருமை. யாருக்கும் திரும்பாதது தனக்குத் திரும்பியிருக்கிறது, உடம்பில் இன்னும் சத்து மிச்சமிருக்கிறது என்று அன்றைக்கு அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். அந்தப் பூவை இப்போது நினைத்தால் கூந்தலோடு பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பச்சைத் துணி விலகி ஒருத்தி வெளியே வந்தாள். எல்லாரும் அரை ஆள் தூரம் நகர்ந்தார்கள். நர்ஸம்மா வெளியே வரவில்லை. அடுத்தவள் பெயரை உள்ளிருந்தே கூப்பிட்டாள். தூரம் என்றால் அது மூன்று நாளில், மிஞ்சினால் ஐந்து நாளில் போக வேண்டும். இது போகவில்லை. போன மாதிரி இருக்கும். விறகுக்கட்டைத் தூக்கினால் வரும், முக்கி ஒரு குடம் இறக்கினால் வரும், ஒன்றும் செய்யாமல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாலும் வரும். சித்திரைக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றால் யாரும் வந்து சொல்லவில்லை; அக்கா முத்திருளாயி சொன்னாள். அக்கா செத்து அஞ்சு வருஷமாகிறது. ஆனாலும் அந்த வாடை முதன்முதலாகத் தன் துணியில் அடித்தபோது, அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது. அக்காவுக்குக் கடைசி மூன்று மாசம் அந்த வாடைதான். வேப்பிலையைப் பரப்பிப் பார்த்தார்கள், சாம்பிராணி போட்டார்கள், ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அக்கா உட்கார்ந்ததும் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி எழுந்து போனார்கள். அக்கா நடுவில் தனியாக உட்கார்ந்து, இலையில் விழுந்ததையெல்லாம் நிதானமாகச் சாப்பிட்டாள். அந்த நிதானத்தைத்தான் போதும்பொண்ணால் மறக்க முடியவில்லை. அன்றைக்குத் தானும் மூன்று ஆள் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தோம் என்பதையும் மறக்க முடியவில்லை. கூடப்பிறந்தவள்தானே, எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? மோர் ஊற்றுகிறவன் வந்தான், பாயசம் வந்தது, உட்கார்ந்தே இருந்துவிட்டாள்.

வாடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், ஊர்வாயைத் தாங்க முடியாது. இரண்டாவது முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஊருக்கு வந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நல்ல எண்ணத்தோடுதான் பேசினாள். இது ஒரு கிருமியால் வருகிறது, புருஷன் பெண்டாட்டி சேர்கையில் ஆம்பளையிடமிருந்து பொம்பளைக்கு ஒட்டும், பத்து வருஷம் இருபது வருஷம்கூட ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே கிடக்கும், யார்மேலும் குற்றமில்லை என்றாள். யார்மேலும் குற்றமில்லை என்ற கடைசி வாக்கியம் மட்டும் எவள் காதிலும் ஏறவில்லை. மறுநாள் மூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. ‘கண்டவன்கிட்டப் போறவளுக்கு வாரதாம்ல அது’ என்றாள் ஒருத்தி. ‘அப்ப முத்திருளாயி?’ என்றாள் இன்னொருத்தி; போதும்பொண்ணு இருப்பதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த நாக்கு எத்தனை நாள் கடித்தபடியே இருக்கும்? அக்கா செத்து மண்ணாகி அஞ்சு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு கள்ளப்புருஷனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போதும்பொண்ணுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஆம்பளை ஒரே ஒருத்தன்தான். கரி லோடு ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர், பாலக்காடு என்று போய், பதினைந்து நாள் கழித்துச் சட்டைப்பையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து இறங்குகிற மாரிச்சாமி. அந்தப் பதினைந்து நாளும் எங்கே படுத்தான், யாரோடு படுத்தான் என்று அவள் கேட்டதில்லை. அல்வாவைத் தின்றாள். இப்போது அவன் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். புண்ணியவான், போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவன் இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தினமும் விளக்கேற்றுகிறபோது அவன் படத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கேட்பாள். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள், தெரியாது. ஒருவேளை அவனுக்கே தெரியாதோ என்னவோ. அதை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுபோகும். நிற்கிற கோபம் ரொம்ப வேதனை, அதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை.

அதனால்தான் கார்த்திகையில் நடந்த அந்த இரண்டாவது முகாமில் தெரிந்தே சொன்னாள், தூரம் என்று. நர்ஸம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேருக்கு நேரே எழுதிக்கொண்டாள். ஐம்பது வயசுக்காரிக்கு ஒவ்வொரு முகாமுக்கும் சரியாக அன்றைக்கே எப்படித் தூரம் வருகிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பாள். கேட்காதது அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது இந்தத் தரையில் உட்கார்ந்து யோசித்தால், அந்த நர்ஸம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கலாம் போல வந்தது. ஒரு வார்த்தைக்கு இத்தனை வலுவா? அதைச் சொன்னால் கோயில் கதவு சாத்திக்கொள்ளும், மூட்டம் பின்வாங்கச் சொல்லும், ஆம்பளைகள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள், படித்த நர்ஸம்மாகூட அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டாள். நாகஜோதி முன்னால் நகர்ந்து இரண்டாவது ஆளாகியிருந்தாள். நகரும்போது இடுப்பில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் கை போதும்பொண்ணின் நெஞ்சில் தைத்தது. முப்பது வயசுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பானேன்? ஆறேழு மாசமாகவே அவளுக்கு வெள்ளை படுகிறது. ‘யாத்தா, ஒரு மாதிரியாப் போகுது’ என்று ஒருநாள் வந்து சொன்னாள். போதும்பொண்ணு யோசிக்கக்கூட இல்லை. ‘மூட்டத்துச் சூடுதான், வெந்தயத்த ஊறவச்சு முழுங்கு’ என்றாள். இந்த ஊரில் கண் எரிந்தால் மூட்டத்துச் சூடு, நீர்க்கடுப்பென்றால் மூட்டத்துச் சூடு, பிள்ளை தரிக்காவிட்டாலும் மூட்டத்துச் சூடு. அக்காவுக்கும் முதல் ஒரு வருஷம் மூட்டத்துச் சூடுதான். வெந்தயம், இளநீர், சோற்றுக்கற்றாழை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று சூட்டைத் தணித்துத் தணித்தே அக்காவை அனுப்பிவைத்தார்கள். அது தெரிந்தும் மகளிடம் அதே வெந்தயத்தைத்தான் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? சூடு என்று சொல்லிவிட்டால் அது சூடாகவே ஆகிவிடும் என்ற எண்ணம்தான். நாகஜோதியின் புருஷன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான், மாசம் ஒருதரம் வருகிறான். நல்ல பையன். மாரிச்சாமியும் நல்ல ஆள்தான். கடவுளே, இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று தலையை உதறிக்கொண்டாள். ‘என்ன மதினி, கொசுவா?’ என்றாள் செல்லத்தாய். ‘ஆமா’ என்றாள்.

அப்போது துணியை விலக்கிக்கொண்டு நர்ஸம்மா வெளியே வந்தாள். கையில் நோட்டு. நெற்றி வேர்வையை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டு, போன தடவைகளில் கேட்ட அதே குரலில், “தூரமா இருக்கிறவுங்க தனியா வாங்க” என்றாள். இதோ வந்துவிட்டது. போதும்பொண்ணு தரையில் கையை ஊன்றினாள். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் அவள் எழுந்திருப்பதற்குள் முன்வரிசையில் இன்னொருத்தி எழுந்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்தியபடி, “நான் தூரம் நர்ஸம்மா” என்றாள். நாகஜோதி. குரலைக்கூடத் தாயைப் போலவே தணித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கார்த்திகை முகாமிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், இன்னும் முப்பது முடியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாகஜோதி, ‘அடுத்த வருசம் என்னயும் கூப்புடுவாகளாத்தா, வெக்கமா இருக்காதா?’ என்று கேட்டாள். ‘தூரம்னு சொல்லிட்டு வந்துரு, ஒரு நாயும் கேக்காது’ என்று சிரித்துக்கொண்டே சொன்னது யார்? நர்ஸம்மா நோட்டில் பேனாவை வைத்துவிட்டாள். “பேரு சொல்லும்மா. நின்னதும் அடுத்த கேம்ப்புக்கு வாங்க” என்றாள். அடுத்த முகாம் எப்போது? மாசியோ பங்குனியோ. அதற்கடுத்தது? போதும்பொண்ணுக்குக் கணக்கெல்லாம் வராது. ஆனால் அக்காவின் பந்தி இலை கண்முன்னால் வந்தது, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அக்கா இல்லை. போதும்பொண்ணு எழுந்து நின்றாள்.

“பொய்யி நர்ஸம்மா. அவ தூரமில்ல.”

வராந்தா திரும்பிப் பார்த்தது. நாகஜோதி, “யாத்தா” என்று பல்லைக் கடித்தாள்.

“அது எப்படிம்மா ஒங்களுக்குத் தெரியும்?” என்றாள் நர்ஸம்மா.

“காலைல எங்க மூட்டத்துக்குத் தீ வச்சது அவதான். தூரமானவ கை படாது அதுல.” மூச்சு வாங்கியது. இதோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால், தன்னை மட்டும் காட்டிக்கொடுத்தவளை மகள் ஒருநாளும் மன்னிக்கமாட்டாள், சோதனைக்கு நிற்காமல் ஓடியும் போவாள். “நானும் தூரமில்ல. எனக்கு நின்னு நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப வாரது வேற. ஒண்ணரை வருசமா வருது. போன மட்டம் ஒங்ககிட்டப் பொய் சொன்னேன். என்னய மொதல்ல பாருங்க. நான் போனா அவ வருவா.”

செல்லத்தாய் மதினி தன் சேலை முந்தானையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். போதும்பொண்ணு அதைப் பார்த்தாள். எத்தனை நாளாக எந்த ஒரு அசைவுக்குப் பயந்தாளோ, அது நடந்துவிட்டது. நடந்த பிறகு பார்த்தால், ஒரு சேலை முந்தானை, அவ்வளவுதான். அவள் பச்சைத் துணிக்குள் போனாள்.

மேசை என்பது, குழந்தைகள் உட்காருகிற பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டதுதான். மேலே ஓட்டு இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுந்தது. குளிர்ந்த இரும்பு, அப்புறம் டார்ச் வெளிச்சம். ஒவ்வொருத்தியோடும் ஊர்க்கதை பேசியபடியே பார்த்துக்கொண்டிருந்த நர்ஸம்மா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பஞ்சைத் தொட்டு வைத்ததாகக்கூடத் தெரியவில்லை. ஒன்றும் வெள்ளையாக மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை போலிருந்தது. கையுறையைக் கழற்றி வாளியில் போட்டாள். அது சிவப்பாக இருந்தது.

“இது எங்கிட்ட அடங்குறதில்லம்மா” என்றாள், துணிக்கு வெளியே கேட்காதபடி குரலைத் தணித்து. “மதுரைக்குப் போகணும். இந்த வாரமே. சதை எடுத்துப் பாத்துத்தான் மேற்கொண்டு சொல்லுவாக. ரொம்பத் தள்ளிப்போட்டுட்டீங்க.”

போதும்பொண்ணு எழுந்து உட்கார்ந்தாள். “பங்குனிலயே பாத்துருந்தா?”

நர்ஸம்மா சீட்டை எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்தும் நிமிரவில்லை. “அன்னைக்கு நான் ஒங்க வயசக் கேட்டிருக்கணும்” என்றாள். போதும்பொண்ணுக்கு அவள்மேல் வந்த கோபமும் பாதியில் நின்றுவிட்டது. “எம் மகளப் பாருங்க” என்றாள்.

நாகஜோதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள், ஆனால் வந்தாள். போதும்பொண்ணு துணிக்கு வெளியே நின்றாள். உள்ளே நர்ஸம்மா, “எத்தனை பிள்ளைக?” என்றாள். “ரெண்டு.” “வீட்டுக்காரர் எங்க?” “திருப்பூரு.” அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் போதும்பொண்ணு கும்பிட்ட சாமிகள், எல்லையில் நிற்கிற கருப்பன் தொடங்கி, போகிற வழியில் இருக்கிற வேதக்கோயில் மாதாவரைக்கும் ஒன்று பாக்கியில்லை. “பயப்படாதம்மா” என்றது நர்ஸம்மாவின் குரல். “நகக்கண்ணு அளவு வெள்ளையா மாறுது. இது புத்து இல்ல. விட்டா நாளைக்கு ஆகலாம். வியாழக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வா, ஒரு கருவிய வச்சுச் சூடு காட்டிப் பொசுக்கிருவாக. பத்து நிமிச வேலை. அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம்.” சூட்டாலேயே போகுமாம். போதும்பொண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். பத்து நிமிஷ வேலை. தனக்கும் ஒருகாலத்தில் அது பத்து நிமிஷ வேலையாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பிப் போகும்போது கண்மாய்க்கரை வரைக்கும் நாகஜோதி நாலெட்டு முன்னாலேயே நடந்தாள். போதும்பொண்ணு தன் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் போட்டிருந்தாள். தனக்கு எழுதியிருப்பது தெரிந்தால் இந்தப் பெண் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கென்ன யாத்தா, அடுத்த கேம்ப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தாயைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடும். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாசக்கணக்காகக் கிடக்கும். அந்த நகக்கண் அளவு அதுபாட்டுக்கு வளரும்.

“ஊரு முன்னால மானத்த வாங்கிட்ட” என்றாள் நாகஜோதி கடைசியாக. இரண்டு எட்டு நடந்ததும் நின்று, தாயின் முகத்தைப் பார்த்தாள். “ஒண்ணரை வருசமாவா? எங்கிட்டகூடச் சொல்லல. ஒனக்கு என்ன சொன்னாக?”

“ஒனக்குச் சொன்னதேதான். வெள்ளையா ஒரு தடம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். பத்து நிமிச வேலைன்னாக.”

நாகஜோதி மூச்சை விட்டாள். கோபமெல்லாம் அந்த மூச்சோடு போய்விட்ட மாதிரி, தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிருவோம்த்தா. ஒண்ணாப் போனா எனக்குப் பயமா இருக்காது.”

“போவோம்” என்றாள் போதும்பொண்ணு. “மொதல்ல நீ உள்ள போ. நான் வெளிய இருக்கேன்.”